பிரசவ வார்டின் மூலை

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் அந்தப் பயிற்சி நிலையம் இருந்தது. அரசாங்க ஒப்பந்த வேலையை எப்படி எடுப்பது, எப்படி நடத்துவது, எப்படி முடித்து ஒப்படைப்பது என்று தனியார் கம்பெனிகளின் திட்ட மேலாளர்களுக்கு அங்கே சொல்லித் தருவார்கள். சனிக்கிழமைதோறும் வகுப்பு. மழை வந்தால் தகரக் கூரையின் சத்தத்தில் பாடம் நின்றுவிடும். ஜன்னலோரம் நின்று எல்லோரும் டீ குடிப்போம். அந்த டீயின் இஞ்சிக் காரத்தை இன்று நினைத்தாலும் தொண்டையில் உணர்கிறேன்.

எங்கள் ஆசிரியை ஹசீனா. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து விலகி வந்தவர். எங்களில் பலரைவிட வயதில் சின்னவர்.

சூசைராஜ் வகுப்பிலேயே மூத்தவர். அடுக்குமாடி வீடுகள் கட்டிப் பழகியவர். அவருடைய கம்பெனி முதல் தடவையாக ஓர் அரசு வேலையை எடுத்திருந்தது. ஒரு தாலுகா மருத்துவமனைக்குப் புதிய பிரசவ வார்டு. அதில் ஏதாவது பிசகினால் தன் வேலைக்கே ஆபத்து என்ற பயத்தோடுதான் வகுப்புக்கு வருவார்.

ஒரு சனிக்கிழமை அவர் கேட்டார்.

“மேடம், வரைபடத்துல இருக்கிறபடியே கட்டிட்டேன். குறிச்ச தேதிக்கு முன்னாலயே முடிச்சிடுவேன். ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி இனி நான் எதைப் பார்க்கணும்?”

ஹசீனா கொஞ்சம் யோசித்தார்.

“நாளைக்கு நாங்க எல்லாரும் உங்க சைட்டுக்கு வரலாமா சார்?”

ஒரு வேன் பிடித்துப் போனோம். யாரோ வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறு கொண்டுவந்திருந்தார்கள். வழியெல்லாம் பாட்டு. ஹசீனாவும் பாடினார். அவருக்குக் குரலே கிடையாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

வார்டில் வெள்ளை பூசி முடித்திருந்தார்கள். ஹசீனா கதவுகளைத் திறந்து மூடினார். தரையில் தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்தார். டேப்பை விரித்து வராந்தாவை அளந்தார்.

“சுத்தமான வேலை சார்.”

சூசைராஜின் முகம் மலர்ந்தது.

பிறகு ஹசீனா பக்கத்திலிருந்த பழைய வார்டுக்குப் போய், அங்கிருந்த நர்ஸிடம் கேட்டு ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறிப் படுத்தார். கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

“பிரசவ அறைக்குத் தள்ளுங்க சார்.”

நாங்கள் சிரித்தோம். சூசைராஜும் சிரித்துக்கொண்டே தள்ளினார்.

வராந்தாவில் நன்றாகத்தான் உருண்டது. பிரசவ அறைக்குத் திரும்பும் மூலையில் முன்பக்கம் சுவரில் இடித்தது. பின்னால் இழுத்துத் திருப்பினார். பின்பக்கம் இடித்தது. மறுபடி இழுத்தார். ஹசீனாவின் கால் சுவரில் உரசியது. தூக்கித் திருப்ப நாங்கள் இரண்டு பேர் ஓடினோம். அதற்குள் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“வரைபடத்துல இருக்கிற அகலம்தான் மேடம்.”

“அளந்தேனே. சரியா இருக்கு.”

அவர் எழுந்திருக்கவில்லை.

“இந்தத் தடுப்புச் சுவரைத் தள்ளிக் கட்டணும்னா டிபார்ட்மென்ட் அனுமதி வேணும். தேதி தள்ளிப் போயிடும். அவங்களே கேட்காதப்ப நானாப் போய்ச் சொன்னா, கம்பெனி என்னைச் சும்மா விடாது மேடம்.”

“விடாதுதான்.”

“அப்ப என்னை என்னதான் செய்யச் சொல்றீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலியே சார். படுத்திருக்கேன்.”

சூசைராஜ் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். பழைய வார்டிலிருந்து ஒரு பெண் வலியில் அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பி வரும்போது வேனில் யாரும் பாடவில்லை.

மறுநாள் காலை சூசைராஜ் டிபார்ட்மென்டின் செயற்பொறியாளரைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். அந்த அதிகாரி முதலில் சத்தம் போட்டார். பிறகு நேரில் வந்து பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார். சுவரை இடித்து, உள்தள்ளிக் கட்டினார்கள். தேதி தவறியது. கம்பெனி சூசைராஜைத் தூத்துக்குடியில் ஏதோ ஒரு கிடங்கு வேலைக்கு மாற்றிவிட்டு, அவர் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தது. வார்டைத் திறந்தபோது மாலை விழுந்தது அந்த வேறொருவர் கழுத்தில்.

சில வருஷங்களில் பயிற்சி நிலையத்தை மூடிவிட்டார்கள். கடைசி நாளன்று பழைய மாணவர்கள் சிலர் போனோம். நாற்காலிகள் ஏற்கெனவே கீழே வண்டியில் ஏறிவிட்டன. வெறுந்தரையில் வட்டமாக உட்கார்ந்து பழங்கதை பேசினோம். சூசைராஜும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வருத்தம் இருக்கா சார்?” என்று ஹசீனா கேட்டார்.

“இருந்துச்சு மேடம். திறப்பு விழாவுக்குக்கூட என்னைக் கூப்பிடல. போன மாசம் அந்தப் பக்கம் ஒரு வேலையாப் போனேன். சும்மா உள்ள நுழைஞ்சு பார்த்தேன்.”

“என்ன பார்த்தீங்க?”

“ஒரு ஆயாம்மா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. படுத்திருந்த பொண்ணுகிட்ட ஏதோ பேசிக்கிட்டே அந்த மூலையில திரும்பிப் போயிட்டாங்க. சுவர்ப் பக்கம் கண்ணுகூடப் போகல.”

ஹசீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுதான் சார் உங்க திறப்பு விழா.”