மரத்துக்குப் போன குண்டு

மேலூத்து ஜமீன்தார் வேட்டையில் குறி தவறினால் பழி குண்டின் மேல்தான் விழும். குண்டு எடுத்துக் கொடுத்த வேலைக்காரனுக்கு அன்றோடு சீட்டுக் கிழியும். இந்த முறை மாட்டிக்கொண்டவன் பொம்மையன்.

ஊரில் ஒரு ஆளைக் குத்திக் கொன்ற காட்டெருமையைச் சுடக் கிளம்பினார்கள். விருந்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரைமார் முன்னால் ஜமீன்தார் பொம்மையனை அதட்டினார்: "ஒரே குண்டுல எருமை விழணும். விழலேன்னா உன் குடும்பமே இந்த ஊர்ல இருக்கக் கூடாது!"

பொம்மையன் மான் சுடும் குண்டுகளை ஒதுக்கினான். தடித்த தோலைத் துளைக்கும் கெட்டிமுனைக் குண்டாகப் பார்த்து எஜமான் துப்பாக்கியில் ஒன்று போட்டான். தான் சுமந்துவந்த மாற்றுத் துப்பாக்கியிலும் ஒன்று போட்டான்.

புதரை விலக்கிக்கொண்டு எருமை வந்தது. ஜமீன்தார் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். எருமை சிலிர்த்துக்கொண்டு அவர் மேலேயே பாய்ந்தது. பொம்மையன் பதறாமல் சுட்டான். அவர் காலடியில் வந்து எருமை சரிந்தது.

மூச்சு வந்ததும் ஜமீன்தார் கத்தினார்: "எனக்கு மட்டும் மட்டமான குண்டைக் கொடுத்திருக்கான்!"

"ரெண்டும் ஒரே பெட்டிக் குண்டுதான் எஜமான்," என்றான் பொம்மையன், கையைக் கட்டிக்கொண்டு. "உங்க குண்டு அந்த வேங்கை மரத்தைத் துளைச்சு அந்தப் பக்கம் போயிருக்கு, பாருங்க. மரம் மட்டும் எருமையா இருந்திருந்தா, நீங்க சொன்னபடி ஒரே குண்டுதான்!"

துரைமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வேட்டைக்குப் பொம்மையன் கையில்தான் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். குண்டு எடுத்துக் கொடுக்க ஜமீன்தாரை நிறுத்தினார்கள்.