நல்லம்மையின் தாலாட்டு

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். வேலாயுதரின் குருகுலத்தில் எல்லோருக்கும் ஒரே வேலை, செல்லரித்த ஏடுகளைப் புது ஓலையில் பெயர்த்தெழுதுவது. எழுதி முடித்த பழசு மறுநாள் ஆற்றோடு போகும். எழுதாமல் விட்டதும் கூடவே போகும். அப்புறம் அது உலகத்தில் இல்லை.

கைக்குழந்தைக்காரி மருதாயிக்கு நல்லம்மை என்ற பழைய புலவரின் பாட்டுகள் வந்தன. எல்லாம் தேன். கடைசித் தாலாட்டில் எழுத்தாணி நின்றுவிட்டது.

'அழாதே கண்ணே. அழுதால் நான் உன் தாயில்லை.'

அந்த ஏட்டைப் பெயர்த்தெழுதாமலே, ஆற்றுக்குப் போகிற கட்டுக்குள் வைத்தாள். உடன் படிப்பவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், உடும்புப்பிடிக்காரி என்று கேலியும் செய்தார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் குருவே வந்து காரணம் கேட்டார்.

"பெற்றவள் பாடுகிற பாட்டா ஐயா இது? நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தான்."

"எங்கே இருந்து பாடினாள், தெரியுமா?"

"எங்கே இருந்தால் என்ன? பாட்டு சொந்தக் காலில் நிற்க வேண்டாமா?"

அந்த நேரம் பார்த்துத் தூளியில் குழந்தை வீறிட்டது. உன் மகனும் வாதத்துக்கு வந்துவிட்டான் என்றார் குரு. மருதாயி அவனை அள்ளி எடுத்து ராகம் இழுக்கப் போனாள். குரு கதவைச் சாத்தினார்.

"அவன் குரலும் வெளியே கேட்கக் கூடாது, உன் குரலும் கேட்கக் கூடாது. அமர்த்து."

ஆட்டினாள். தட்டினாள். பால் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகை ஏறியது. வெளியே யாரோ நிற்பதுபோல குரு கதவையே பார்த்திருந்தார். அவளும் கதவைப் பார்த்தாள். எப்போது என்று தெரியவில்லை, அவள் உள்ளங்கை பிள்ளையின் வாயை மூடியிருந்தது.

நெருப்பைத் தொட்டதுபோல் கையை எடுத்தாள்.

குரு கதவைத் திறந்துவிட்டார். பிறகுதான் சொன்னார். நல்லம்மை இதைப் பாடியது, கொள்ளைக்காரர்கள் குதிரையேறி வந்த வருஷம். ஊரே தானியக் குழிக்குள் ஒளிந்திருந்தது. தலைக்கு மேலே குளம்புச் சத்தம். அத்தனை பேரிலும் கைக்குழந்தை நல்லம்மையிடம் மட்டும்தான்.

"ஊர் பிழைத்ததா ஐயா?"

"பிழைத்தது."

"பிள்ளை?"

"யாருக்கும் தெரியாது."

மருதாயி கட்டை அவிழ்த்து ஏட்டை எடுத்தாள். மகனை மடியில் கிடத்திக்கொண்டே அந்தத் தாலாட்டை ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"ஓரத்தில் அந்த வருஷத்தையும் எழுதட்டுமா ஐயா? அவள் எப்படிப் பயந்தாள் என்பதையும்?"

"வருஷத்தை எழுது" என்றார் குரு. "பயத்தை அவளே எழுதிவிட்டாள்."