முழங்கை நீளக் குஞ்சு

முன்னொரு காலத்தில், பேர் எனக்கு மறந்துபோன ஒரு நாட்டில், ராஜாவுக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. சாதாரணப் பைத்தியமா? விடிந்தால் ஆற்று மடு, பொழுது அடைந்தால் வறுவல். ராஜா தூண்டில் எடுத்தால் பிரதானி பட்சிராயர் சும்மா இருப்பாரா? அவரும் எடுத்தார். அவரைப் பார்த்துச் சபை மொத்தமும் எடுத்தது.

விகடகவி ஆலாலனும் கரையில் உட்கார்ந்தான். ஆனால் கெண்டை சிக்கினால், முள்ளைக் கழற்றி மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். அவன் பிறந்தது அந்த ஆற்றங்கரைச் செம்படவர் தெருவில். அவன் அக்கா பூவாயி இன்னும் அங்கேதான் வலை வீசிப் பிழைக்கிறாள்.

"தம்பி, இந்த வருசம் மடுவுல பொடிக் குஞ்சே காணோம்டா," என்று அவள் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். "மடுக்கெண்டை முட்டை போடவே ஏழெட்டு வருசம் ஆவும். அதுக்குள்ள எல்லாத்தையும் புடிச்சுத் தின்னுட்டா? தெருவே மூட்டை கட்டுது. நானும் கெளம்ப வேண்டியதுதான்."

அதைக் கேட்டதிலிருந்து ஆலாலனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அவன் மீனை விடுவதைப் பட்சிராயர் பார்த்துவிட்டார். அவனை மாட்டிவிட நெடுநாளாகக் காத்திருந்த மனுஷன், விடுவாரா?

"மன்னா! அரசருக்குரிய மீனை இவன் ஆற்றில் எறிகிறான். இது ராஜத் துரோகம்!"

ராஜா முகம் சிவந்தார். "ஆலாலா, என்ன இது?"

"குஞ்சு, மகாராஜா. அதனால் விட்டேன்."

"முழங்கை நீளம் இருக்கிறதே, இன்னுமா குஞ்சு?"

"அரசே, வாய்ஜாலத்தில் தப்பிவிடுவான்," என்று குறுக்கிட்டார் பட்சிராயர். "நாளை தங்கள் பிறந்தநாள் பவனி. அது புறப்படுவதற்குள், மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அது குஞ்சுதான் என்று நிரூபிக்கட்டும். இல்லையேல் நாடு கடத்துங்கள்."

ராஜாவுக்கு அந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்," என்றார்.

மறுநாள் காலை மேளதாளம் முழங்க ராஜா வாசலுக்கு வந்தார். பட்டத்து யானை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு யானைக்கன்று நின்றது. அதன் நெற்றியில் கட்டிய பட்டு முகபடாம் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆலாலன் கைகட்டி நின்றான்.

"ஏறியருளுங்கள், மகாராஜா."

ராஜா திகைத்தார். "விளையாடுகிறாயா? இது கன்று!"

"கன்றா? அரண்மனை எருமையைவிடப் பெரிதாக இருக்கிறதே!"

"பெரிதாக இருந்தால் ஆயிற்றா? யானை வளர்ந்து ஆளாக எத்தனை வருஷம் பிடிக்கும் தெரியுமா? இப்போதே ஏறி உட்கார்ந்தால் இதன் இடுப்பு ஒடிந்து போகும். கன்றையெல்லாம் இப்படிப் பாழாக்கினால், நாளைக்கு என் கொட்டடியில் யானை ஏது?"

அந்த நேரம் பார்த்துக் கன்று பட்டோடு நடந்து போய், கொட்டடியில் நின்ற தாயின் மடியில் வாயை வைத்தது. ராஜா அதையே பார்த்தார். பிறகு ஆலாலனைப் பார்த்தார். அவன் தன் முழங்கையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"மன்னா, அது வேறு, இது வேறு..." என்று ஆரம்பித்தார் பட்சிராயர்.

"எது வேறு, பிரதானியாரே? முழங்கை நீளக் குஞ்சுகளை அல்லவா இத்தனை நாளும் தின்று தீர்த்திருக்கிறோம்!" என்று சொல்லி ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கைக் கடகத்தைக் கழற்றி ஆலாலன் கையில் மாட்டினார். இனி மடுவில் யார் தூண்டில் போட்டாலும் கெண்டையைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று அங்கேயே பறையறையச் சொன்னார். செம்படவர் தெருவில் கட்டிய மூட்டைகள் அவிழ்ந்தன. பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைத்தாள்.

அன்று மாலையே ராஜா மடுவுக்குப் போனார். பைத்தியம் அவ்வளவு லேசில் தெளியுமா? நல்ல கொழுத்த கெண்டை ஒன்று சிக்கியது. ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதையும் விழுங்கிக்கொண்டு, பதமாக முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

"போ, தாயே," என்றார். "போய்ப் பிள்ளை குட்டி பெற்றுக்கொண்டு நிதானமாக வா. நான் எங்கே போய்விடப் போகிறேன்?"