ஐந்தாவது உருண்டை

உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே கருமாதி செய்துகொண்டால்தான் அந்த மடத்தில் காவி கிடைக்கும். பவானி ஆற்றங்கரையில் இலை விரித்து, இறந்துபோன உறவுகளுக்கு ஆளுக்கொரு சோற்றுருண்டை வைத்து, கடைசியாகத் தன் பேருக்கும் ஒன்று வைக்க வேண்டும். அதைக் காக்கை எடுத்துவிட்டால் அந்த ஆள் உலகத்துக்குச் செத்தவர். பிறகு குருவின் கையால் துணி வாங்கிக்கொள்ளலாம்.

குருவைச் சின்னச்சாமி என்பார்கள். மடத்தில் வயதில் இளைய பெண் அவர்தான். துறவுக்கு முன்னால் மருத்துவக் கல்லூரியில் கரு வளர்வதைப் பற்றிப் பாடம் எடுத்தவர். பிள்ளை உண்டாகும் விதமெல்லாம் தெரிந்தவள் பிள்ளையே வேண்டாமென்று ஓடிவந்துவிட்டாள் என்று ஊரில் கேலி பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அன்று காவி வாங்க உட்கார்ந்திருந்தவள் தெய்வானை. குருவைவிட மூத்தவள். தாய் தகப்பன் போய், புருஷனும் போனபின் மடத்துக்கு வந்தவள். அவளுக்கு ஒரே ஒரு உபத்திரவம். ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன பிள்ளை இன்னும் வயிற்றில் உதைத்தது.

அது கலைந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது.

வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். காத்துக்கருப்பு என்று கயிறு கட்டினார்கள். பிறகு கட்டி வந்து கர்ப்பப்பையையே எடுத்தாகிவிட்டது. தையல் ஆறுவதற்குள், அது இருந்த இடத்தில், மெதுவாக ஒரு உதை. அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பயந்து நடுங்கினாள். பயத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"காவி எதுக்கு, அம்மிணி?" என்று சின்னச்சாமி முன்பு கேட்டிருந்தார்.

"நான் செத்துட்டா அது எங்கீங்க சாமி உதைக்கும்? உதைக்கறது நிக்கோணும். அவ்வளவுதான்."

சின்னச்சாமி மறுப்புச் சொல்லவில்லை. நாள் குறித்துக் கொடுத்தார்.

இப்போது இலையைப் பார்த்தார். தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று, தெய்வானைக்கு ஒன்று. ஓரத்தில் எலுமிச்சை அளவில் இன்னொன்று.

"இது யாருக்கு?"

"பொறக்காததுக்கு உருண்டை வெக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. மனசு கேக்கலீங்க."

"இருக்கட்டும்."

இருவரும் தள்ளிப் போய் நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது. ஆற்றில் சத்தமே இல்லை.

காக்கைகள் வந்தன. தகப்பனுடையது போயிற்று. தாயுடையது போயிற்று. புருஷனுடையதை இரண்டு காக்கைகள் சண்டை போட்டுத் தின்றன. பெரிய காக்கை ஒன்று தெய்வானையின் உருண்டையைக் கொத்தியது. தன் கருமாதிச் சோற்றைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் காக்கை சின்ன உருண்டையிடம் வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. இரண்டு எட்டுப் பின்னால் வைத்துப் பறந்துவிட்டது. மற்றவையும் கூடவே எழும்பிக் கரையோர மரத்துக்குப் போய்விட்டன.

காக்கை எடுக்காவிட்டால் போனவருக்கு மனக்குறை என்று அர்த்தம். குறையைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுத்தால் காக்கை திரும்பி வரும். தெய்வானைக்கும் அந்த வழக்கம்தான் தெரியும். இலைக்கு முன்னால் போய் மண்டியிட்டாள்.

"கண்ணு, உனக்குப் பேரு வெக்கலைன்னு கோவமா? வெக்கறேன். நீ வயித்துல இருக்கையில நான் குடம் தூக்கினது தப்புத்தான். வந்து எடுத்துக்க சாமி. என்னை விட்டுடு."

மரத்தில் காக்கைகள் இருந்தன. ஒன்றும் அசையவில்லை.

"அதுக்கு என்ன குறைங்க சாமி?" என்று அழுதாள். "என்ன குடுத்தாப் போகும்?"

சின்னச்சாமி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு வீட்டுக்கு விருந்தாளி ஒருத்தன் வந்தான், அம்மிணி. கடுகைவிடச் சின்ன ஆளு. வந்ததும் ஒரு உத்தரவு போட்டான். இந்த மாசம் வீட்டைக் கழுவக் கூடாது."

"யாருக்குங்க உத்தரவு?"

"வீட்டுக்காரிக்கு. அவ காதுல விழவே இல்ல. ஆனா வீடு கேட்டுக்கிச்சு. கழுவறது நின்னுபோச்சு."

தெய்வானை கண்ணைத் துடைத்தாள்.

"செவுத்தைக் குடைஞ்சு உள்ள போய்ப் படுத்தான். கெணத்துத் தண்ணியைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டான். பாதி வெளியாளு. காவக்காரங்க புடிச்சுத் தள்ளியிருக்கோணும். அவங்களையும் பேசாம இருக்க வெச்சுட்டான்."

"அப்பறம்?"

"ஒருநாள் போயிட்டான். வீட்டுக்காரி அழுதா. வருஷக்கணக்கா அழுதா. ஆனா அவன் தண்ணியைத் திருப்பினப்பவே அவனோட ஆளுங்க அந்த வாய்க்கா வழியா வீடு பூராப் போயிருந்தாங்க. சமையக்கட்டுல ஒருத்தன், சாமி ரூம்புல ஒருத்தன். அவன் படுத்திருந்த ரூம்பை இடிச்சாங்க. இவங்க அங்க இல்லையே."

"அவங்களைப் போகச் சொல்லலீங்களா?"

"சொன்னா. எங்க போறதுன்னு கேட்டாங்க. அவங்க பாத்த வீடு அது ஒண்ணுதான்."

"கதைங்களா சாமி?" என்றாள்.

"காலேஜுக்கு ஒரு கெழவியோட பிரேதம் வந்துது. ஒரே ஒரு தடவை உண்டாகி, பாதியில கலைஞ்சவ. அவ நெஞ்சுல இருந்து ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தேன். பொம்பளை நெஞ்சுல ஆம்பளை உயிரணு இருந்துது, அந்தக் கலைஞ்ச புள்ளையோடது. தசையோட தசையா. அவளுக்கு வயசாயிருந்துது. அது புதுசா இருந்துது."

தெய்வானையின் கை தானாகவே வயிற்றுக்குப் போயிற்று. பிறகு நெஞ்சுக்கு. எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தக் கை அலைந்தது.

"உதைக்கறது அதுங்களா?"

"அது எனக்குத் தெரியாது. இருக்குன்னு மட்டும் தெரியும்."

"காக்கா ஏனுங்க தொடலை?"

"செத்தவங்களுக்கு வெச்சதைத்தான் அது தொடும்."

தெய்வானை இலையைப் பார்த்தாள். அவள் உருண்டை இருந்த இடத்தில் எள்ளுகூட மிச்சமில்லை.

"என்னோடதைத் தின்னுடுச்சே சாமி. நான் செத்தாச்சு. அப்போ இனி அதை யாரு பாப்பாங்க?"

சின்னச்சாமி அந்தச் சின்ன உருண்டையை எடுத்தார். ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். தெய்வானையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டார்.

"நேத்துல இருந்து நீங்க விரதம், அம்மிணி. அதுக்குப் பசிச்சிருக்கும். சாப்பிடுங்க."