ஆட்சேபணை இல்லாத பாலம்

சுண்டைக்குளம் ஊராட்சி மன்றத்தில் தலைவரையும் சேர்த்து நாலு பேர். நாலு பேரும் கலந்து பேசாமல் எதையும் செய்ய மாட்டார்கள். ஒருத்தர் மட்டும் யோசித்தால் ஒரு தப்புதான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த நாலு பேரில் கீழத்தெருவின் உறுப்பினர் கொப்பையா. வயது அறுபத்தாறு. தலைவர் உலகநாதனோடு அவர் நேராகப் பேசிப் பத்தொன்பது வருஷமாகிறது. உலகநாதன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் கொப்பையாவுக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கும் அப்பளம் வைத்தார்கள், அந்தப் பக்கம் இருந்தவருக்கும் வைத்தார்கள். நடுவில் இருந்த இலை மட்டும் வெறுமனே இருந்தது. கொப்பையா கேட்கவில்லை. கேட்டு வாங்கித் தின்கிற அப்பளம் என்ன அப்பளம்? எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டார். இது நியாயமான கோபம்தான். யாருக்காக இருந்தாலும் வரும்.

கீழத்தெருவுக்கும் ஊருக்கும் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. குறுக்கே ஒரு பனந்தடி கிடந்தது. தை மாதம் அது முறிந்தபோது அதன்மேல் கொப்பையாவின் மனைவி சிவனம்மாள் இருந்தாள். அவள் தலையில் ஒரு பெட்டி முருங்கைக்காய் இருந்தது. முருங்கைக்காய் மிதந்தது. சிவனம்மாள் மிதக்கவில்லை. கரையேறியதும் சேலையைக்கூட மாற்றாமல் தங்கச்சி ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"பாலம் வந்தாத்தான் நான் வருவேன்" என்று பஸ் ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து நாலு மாதமாகக் கொப்பையா தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். ஒரு நாள் தண்ணியாக இருக்கும், ஒரு நாள் சுவரில் பூசலாம் போல இருக்கும். சாப்பாட்டைப் பற்றி யாராவது கேட்டால், "எனக்கென்ன குறை?" என்பார். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று பாலம், பாலம் என்று கத்தினார். தலைவரோடு பேச்சு இல்லாததால் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

ஒரு நாள் பாலம் வந்துவிட்டது. இருபத்தைந்து அடி நீளத்தில், சர்க்கார் டிராக்டரில் ஏற்றி அனுப்பிய இரும்புப் பாலம். கூடவே ஒரு கடிதம் இருந்தது. எழுத்தர் பொன்னம்பலம் அதைச் சத்தமாகப் படித்தார்.

"ஊர் முழுவதற்கும் தெரியும்படி அறிவிப்பு ஒட்டவும். பதினைந்து நாள் பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்கவும். அவற்றைப் பரிசீலித்த பிறகே பாலத்தை அமைக்கவும்."

முதல் சிக்கல் அறிவிப்பில் வந்தது.

"ஆபீஸ் சுவத்துல ஒட்டினா ஆபீஸுக்குத்தான் தெரியும்" என்றார் இருளப்பன். அவர் வடக்குத் தெரு உறுப்பினர், நுணுக்கமான ஆள். "ஊர் முழுக்கத் தெரியணும்னா ஊர் முழுக்கப் போற ஒண்ணுமேல ஒட்டணும்."

"ஊர் முழுக்கப் போறது யாரு?" என்றாள் நடுத்தெரு உறுப்பினர் வள்ளிமயில்.

யோசித்தார்கள். கோயில் காளைதான் எல்லாத் தெருவுக்கும் போய் எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிறது. அதன் விலாவில் அறிவிப்பை ஒட்டினார்கள். கஞ்சிப் பசை என்பதால் நன்றாகப் பிடித்தது. இரண்டாம் நாள் பின்னாலேயே வந்த ஒரு பசுமாடு பசையையும் தின்று அறிவிப்பையும் தின்றுவிட்டது.

"இதை ஆட்சேபணையா எடுத்துக்கலாமா?" என்றார் பொன்னம்பலம், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"மாட்டுக்கு ஓட்டு இல்லையே" என்றார் இருளப்பன். அதனால் எடுத்துக்கொள்ளவில்லை.

பதினைந்து நாள் முடிந்தது. ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. எல்லோருக்கும் பாலம் வேண்டியிருந்தது. மன்றம் கவலையோடு கூடியது.

"பரிசீலித்த பிறகேன்னு போட்டிருக்கு" என்றார் தலைவர் உலகநாதன். "ஒண்ணுமே வரலைன்னா எதைப் பரிசீலிக்கிறது?"

"வெறும் தாளைப் பரிசீலிக்கலாமா?"

"அது ஏமாத்து வேலை வள்ளிமயிலு."

மறுநாளிலிருந்து நாலு பேரும் வீடு வீடாகப் போய் ஆட்சேபணை கேட்டார்கள். "ஒண்ணே ஒண்ணு குடுங்க தாயி, சின்னதா இருந்தாக்கூடப் போதும்" என்று கெஞ்சினார்கள். ஒரு வீட்டில் புளி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். ஆட்சேபணை மட்டும் கிடைக்கவில்லை. பாலமோ ஆபீஸ் வாசலில் கிடந்தது. அதன்மேல் ஊரார் வற்றல் காயப்போட்டார்கள்.

கடைசியில் இருளப்பன்தான் வழி சொன்னார். "ஏன் வெளியில தேடணும்? நம்ம கொப்பையா அண்ணாச்சி இருக்காரே. இந்த ஜில்லாவிலேயே அவரை மாதிரி மனசுல வச்சிருக்கிற ஆள் உண்டா?"

எல்லோரும் கொப்பையாவைப் பார்த்தார்கள்.

"ஏ, பாலம் கேட்டதே நான்தானவே!"

"அதனாலதான் அண்ணாச்சி. உங்களுக்காக நீங்களே செய்யாட்டா வேற யாரு செய்வா?"

கொப்பையா இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தார். பாலம் வந்தால் சிவனம்மாள் வருவாள். கஞ்சி பதமாக இருக்கும். வீட்டில் விளக்கு துடைத்திருக்கும். இதில் எதை ஆட்சேபிப்பது? அப்புறம் திடீரென்று ஒன்று தோன்றியது. தோன்றியதும் கோபம் உண்மையாகவே வந்துவிட்டது. தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார்:

"பாலம் வந்தால் உலகநாதன் எங்கள் தெருவுக்கு வந்துவிடுவார். எனக்குப் பிடிக்கவில்லை."

மன்றம் அதை ஒரு முழுக் காலை நேரமும் பரிசீலித்தது.

"இதுல நியாயம் இருக்கு" என்றார் உலகநாதன், தாடையைத் தடவிக்கொண்டு. "நானும் யோசிச்சுப் பாத்தேன். பாலம் வந்தா நான் போயிருவேன்தான்."

"போகாம இருக்க முடியாதா தலைவரே?" என்றாள் வள்ளிமயில்.

"பாலம்னு ஒண்ணு போட்டு வச்சிருந்தா எப்படிம்மா போகாம இருக்கிறது?"

"அப்ப, உலகநாதன் மட்டும் போகக்கூடாதுன்னு எழுதிரலாம்."

பொன்னம்பலம் தலையை ஆட்டினார். "தீர்மானத்துல தனி ஆள் பேரு வரக்கூடாது. விதி."

"அப்படின்னா யாருமே கீழத்தெருப் பக்கம் போகக்கூடாதுன்னு எழுதணும்" என்றார் இருளப்பன். "அங்கிருந்து இந்தப் பக்கம் வரலாம். இங்கிருந்து அந்தப் பக்கம் போகக்கூடாது. அப்ப யாருக்கும் பாரபட்சம் கிடையாது."

அப்படியானால் சிவனம்மாளும் வர முடியாதே! இதற்கு எதிராகத்தான் கை தூக்க வேண்டும் என்று கொப்பையா நினைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து உலகநாதன் எழுந்து, "கொப்பையா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. நான் ஒத்துக்கிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. கொப்பையாவின் கை அவரைக் கேட்காமலே ஆதரவாக மேலே போய்விட்டது.

மறுநாள் காலையில் பாலத்தைப் போட்டார்கள். ஒரு முனையில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஊர்க் கரையில் குழி வெட்டி அவற்றை இறக்கினார்கள். மறு முனை தட்டையாகக் கீழத்தெருக் கரையில் உட்கார்ந்தது. பொன்னம்பலம் பாலத்தின் நடுவில், எந்தப் பக்கம் நடக்கலாம் என்று சிவப்பு மையால் பெரிய அம்புக்குறி போட்டார். அம்பு ஊரைப் பார்த்தது.

கீழத்தெருக்காரர்கள் காலையில் பாலத்தில் ஜம்மென்று நடந்து வேலைக்கு வந்தார்கள். சாயங்காலம் பாலத்துக்குப் பக்கத்தில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை. முன்னெல்லாம் இரண்டு வேளையும் நனைந்தார்கள். இப்போது ஒரு வேளைதான். பாதிக்குப் பாதி லாபம்.

கொப்பையா மட்டும் தண்ணீரில் நடக்கும்போது பாலத்தை நிமிர்ந்து பார்ப்பார். பார்த்துக்கொண்டே போய் மூன்று தடவை வழுக்கி விழுந்தார்.

புதன்கிழமை பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "அண்ணாச்சி, ஆச்சி சொல்லிவிட்டாவ" என்றார். "பாலம் போட்டாச்சுன்னு கேள்விப்பட்டாவளாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை பஸ்ல வாராவ. கால்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் அதே பஸ்ல திரும்பிருவாவளாம். அதுக்கப்புறம் கூப்பிட வேண்டாம்னும் சொன்னாவ."

கொப்பையா ஆபீஸுக்கு ஓடினார். நாலு பேரும் கூடினார்கள்.

"என் ஆட்சேபணையைத் திருப்பிக் குடுங்க" என்றார் சுவரைப் பார்த்து.

"குடுக்கலாம்" என்றார் பொன்னம்பலம். "ஆனா அப்புறம் ஆட்சேபணையே இல்லைன்னு ஆயிரும். பாலத்தைக் கழட்டிரணும்."

"சாயங்காலம் என் பெண்டாட்டி வர்ற நேரத்துக்கு மட்டும் விடுங்கவே!"

"அம்புக்குறி இருக்கே அண்ணாச்சி" என்றார் இருளப்பன். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "அம்புக்கு எதிரா எப்படி நடக்கச் சொல்றது? நாளைக்கு ஒருத்தனாவது நம்மளை மதிப்பானா?"

"இன்னொரு அம்பு போட்டா?" என்றாள் வள்ளிமயில்.

"புது அம்புன்னா புது அறிவிப்பு. பதினைஞ்சு நாள். திரும்பவும் ஆட்சேபணைக்கு எங்க போறது?"

கொப்பையா தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலு மாசம்" என்றார், இந்தத் தடவை தரையைப் பார்த்து. "உப்பு எங்க வச்சிருக்கான்னுகூட இன்னும் கண்டுபிடிக்கலை."

உலகநாதன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அம்பை மாத்த வேண்டாம். பாலத்தைத் திருப்பிப் போட்ருவோம்!"

எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். எவ்வளவு சுலபம்! பாலம் அதே பாலம், அம்பு அதே அம்பு, தீர்மானம் அதே தீர்மானம். பாலத்தை மட்டும் தலை மாற்றி வைத்தால் அம்பு கீழத்தெருவைப் பார்க்கும். அம்பு காட்டுகிற பக்கம் நடக்கிறவரை யார் தடுப்பது? காலையில் ஊரைப் பார்த்து ஒரு தடவை, சாயங்காலம் கீழத்தெருவைப் பார்த்து ஒரு தடவை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே ஊர் முழுவதும் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. ஐம்பது பேர் தண்ணீரில் இறங்கிப் பாலத்தைத் தூக்கித் திருப்பினார்கள். திருப்பிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. நீட்டிக்கொண்டிருந்த கால்கள் இப்போது கீழத்தெருக் கரைக்குப் போய்விட்டன. அந்தக் கரை பாறை. குழி வெட்ட முடியாது. விட்டால் பாலம் கவிழ்ந்துவிடும்.

"குழி எதுக்கு?" என்றார் உலகநாதன். "சாயங்காலத்துக்கு மட்டும்தான? தோள்லயே வச்சுக்கிடுவோம்."

அப்படியே வைத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் இருபத்தைந்து தோள், அந்தப் பக்கம் இருபத்தைந்து தோள். நடு ஆழத்தில் கொப்பையா கைகளை உயர்த்தி ஒரு ஓரத்தைப் பிடித்திருந்தார். அவருக்கு எதிரே உலகநாதன். தண்ணீர் இருவருக்கும் கழுத்துவரை இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டிய கீழத்தெருக்காரர்கள் அத்தனை பேரும் கீழே நின்றதால், பாலத்தில் நடக்க மேலே ஆளே இல்லை.

நாலரை பஸ் வந்தது. சிவனம்மாள் கையில் பையோடு இறங்கினாள். பாலத்தைப் பார்த்தாள். அம்பைப் பார்த்தாள். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் மூச்சு வாங்குவது போல இருந்ததே தவிர, பாலம் உறுதியாகத்தான் இருந்தது. மெதுவாக நடந்தாள். ஒரு சொட்டு படவில்லை.

நடுப் பாலத்துக்கு வந்ததும் நின்று, வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"எங்க இந்த மனுசனைக் காணோம்? கூப்பிடக்கூட வரலை பாரு!"

"இங்கனதான் இருக்கேன்" என்றது கீழே இருந்து ஒரு குரல்.

சிவனம்மாள் குனிந்து பார்த்தாள். தண்ணீருக்கு மேலே கொப்பையாவின் முகம் மட்டும் தெரிந்தது.

"அங்க என்ன பண்ணுதீங்க?"

"பாலத்துக்கு ஆட்சேபணை குடுத்தேன் சிவனம்மா" என்றார் கொப்பையா, வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டு. "ஜெயிச்சிட்டேன்."