எட்டாவது கடிதம்

"அந்தப் பிள்ளை எழுத மாட்டேங்கிறா, சிஸ்டர்."

அமலோற்பவம் கதவருகே நின்றபடியே சொன்னாள்.

சிஸ்டர் செலஸ்தின் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்துத் தொட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் நாடகத்துக்கு முகமூடி செய்யக் காகிதக் கூழ் வேண்டும். கூழில் சேர்க்க அரைத்த வெந்தயத்தின் வாசனை அறை முழுக்க இருந்தது.

"எந்தப் பிள்ளை?"

"மோனிஷா. புளியந்தோப்புப் பிள்ளை. மத்த ஏழு பேரும் எழுதிட்டாங்க. இவ மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

ஏற்காட்டில் அந்தக் கன்னியர் மடத்துப் பள்ளியில் மே மாதம்தோறும் பத்து நாள் கலை முகாம் நடக்கும். நாற்பது பிள்ளைகள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டில் பணம் கட்டி வருகிறவர்கள். எட்டுப் பிள்ளைகளை மட்டும் ஒரு டிரஸ்ட் வடசென்னையிலிருந்து தன் செலவில் அனுப்பி வைக்கும்.

அந்த எட்டுப் பேரைத் தேடிப் பிடித்து, பெற்றவர்களிடம் பேசி, பஸ் ஏற்றி, கூடவே வந்து பார்த்துக்கொள்வது அமலோற்பவத்தின் வேலை. தன் மூன்று பிள்ளைகளும் கல்யாணமாகிப் போன பிறகு, பங்குச் சாமியாரிடம் அவளே கேட்டு வாங்கிக்கொண்டது.

சிஸ்டர் செலஸ்தினுக்கு அவளுடைய மூத்த மகள் வயதுதான். ஆனாலும் மனசுக்குள் ஒரு முடிச்சு விழுந்தால் அமலோற்பவம் அவரிடம்தான் போவாள். பெரும்பாலும் பதில் கிடைக்காது. கையில் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும்.

"மூணு மணிக்கு ஜீப் வந்துரும், சிஸ்டர். லெட்டர் வாங்கத்தான் வர்றாங்க."

டிரஸ்டில் அப்படி ஒரு வழக்கம். முகாம் முடிவதற்கு முதல் நாள், எட்டுப் பிள்ளைகளும் டிரஸ்டை நடத்தும் ஐயாவுக்கு ஆளுக்கொரு நன்றிக் கடிதம் எழுதித் தரவேண்டும். எழுதாத பிள்ளையின் பெயர் அடுத்த வருஷப் பட்டியலில் இருக்காது.

"நல்ல பிள்ளை, சிஸ்டர். வந்த அன்னைக்கு வாயே திறக்கலை. இப்போ பாருங்க, நாடகத்துல இடி இடிக்கிறதே அவதான். தகரத்தை உலுக்குறா பாருங்க, எனக்கே நெஞ்சு அதிருது. ‘என் இடியை ஒருத்தரும் தொடக்கூடாது’ன்னு நேத்து ஒரே சண்டை. அடுத்த வருஷம் இவ இல்லாம எப்படி?"

"எழுதச் சொன்னா என்ன சொல்றா?"

"‘நீயே எழுதிக்க ஆன்ட்டி, உன் எழுத்துதான் குண்டு குண்டா அழகா இருக்கு’ங்கிறா."

சிஸ்டர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க, சிஸ்டர். நன்றின்னு ஒண்ணு வேணாமா?"

"வேணும். கையில இருக்கிறதைப் படிங்க, கேப்போம்."

அமலோற்பவம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, ஏழைச் சிறுமியாகிய என்னைத் தங்கள் மேலான கருணையால் இந்த முகாமுக்கு அனுப்பி..."

"அடுத்தது."

"மதிப்பிற்குரிய ஐயா, ஏழைச் சிறுவனாகிய என்னைத் தங்கள் மேலான கருணையால்..."

"அடுத்தது."

"மதிப்பிற்குரிய ஐயா..." அமலோற்பவம் நிறுத்திக்கொண்டாள். "எல்லாம் இதேதான், சிஸ்டர். நான்தான் போர்டுல எழுதிப் போட்டேன். பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்?"

தொட்டியில் ஒரு தாள் மெல்ல நனைந்து இறங்கியது.

"ஏன் எழுதலைன்னு அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஜோஷ்னா பாத்துருவான்னு சொல்றா."

"ஜோஷ்னா?"

"பக்கத்துக் கட்டில் பிள்ளை. அண்ணா நகர், பணம் கட்டி வந்தது. ரெண்டும் ஒட்டிக்கிட்டே திரியுதுங்க. இந்த எட்டு பேரை மட்டும் நான் தனியா கூப்பிட்டு உக்கார வச்சேனா, அது ஜன்னல் வழியா வந்து ‘யாருக்குடி லெட்டரு’ன்னு கேட்டிருக்கு. இவ ‘எங்கம்மாவுக்கு’ன்னு சொல்லிட்டா. பொய் வேற, சிஸ்டர்."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேஜையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"நீங்க ஒண்ணு எழுதுங்க, அம்மா."

"அவளுக்குப் பதிலாவா?"

"இல்லை, உங்களுக்கு. சின்ன வயசுல நானும் இங்க வந்திருக்கேன்னு எப்பவும் சொல்வீங்களே. அன்னைக்கு உங்களை அனுப்பி வச்சவருக்கு எழுதுங்க."

"அம்பது வருஷம் ஆச்சு, சிஸ்டர்."

"அப்போ சீக்கிரம் எழுதுங்க."

அமலோற்பவம் பலா மரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தாள். தாளின் உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். எதை எழுதினாலும், மளிகைச் சீட்டு எழுதினாலும், அவளுக்கு அதுதான் பழக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா, என்று எழுதினாள்.

அடுத்த வரி தானாகவே வந்தது. ஏழைச் சிறுமியாகிய என்னை...

எழுதியதைப் பார்த்தாள். அந்தப் பத்து நாளில் அப்படி ஒரு சிறுமி இந்த மலையில் இருந்தாளா என்று யோசித்தாள். அவளுக்கு அப்படி யாரையும் ஞாபகம் இல்லை.

அந்த வரியை அடித்தாள்.

ஞாபகம் இருந்தது வேறு. ராயபுரத்தில் ஒரே அறையில் ஏழு பேராகப் படுத்தவளுக்கு இங்கே தனியாக ஒரு கட்டில். முதல் நாள் படுத்து, காலை நீட்டிப் பார்த்தாள். கையை விரித்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் யார் மேலும் இடிக்கவில்லை. பயமாகக்கூட இருந்தது.

வெண்டைக்காயை வெட்டிச் சாயத்தில் தோய்த்து வெள்ளைத் துணியில் குத்தினால் பூ விழும். குழம்புக்கு ஆகிற காய்க்குள் இப்படி ஒரு பூ இருப்பதை அவளுக்கு யாருமே சொன்னதில்லை. வீட்டுக்குப் போன மறுநாள் மஞ்சள் தண்ணீரில் தோய்த்து அடுப்படிச் சுவர் முழுக்கக் குத்தி வைத்தாள். அம்மா அடித்தாள். ஆனால் பாஸ்கா பண்டிகைக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

அமலோற்பவம் இதையெல்லாம் எழுதினாள். எழுதுகிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் எழுதினாள்.

அப்புறம் ரோஸ்லின் டீச்சரைப் பற்றி எழுதினாள். முகாமுக்கு வந்து இறங்கியதுமே டீச்சர் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துச் சொன்னார். ‘இங்கே பத்து நாளும் யாரும் செருப்புப் போடக்கூடாது. மண்ணில் நடந்தால்தான் களிமண் கைக்கு வரும்.’ பெரிய வீட்டுப் பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டே ஷூவையும் செருப்பையும் கழற்றி மூலையில் குவித்தார்கள். டீச்சரும் கழற்றினார். எல்லாரும் வெறுங்காலோடு ஓடினோம், ஐயா. நான்தான் எல்லாரையும்விட வேகமாக ஓடினேன். எனக்குக் கல் குத்தாது. எனக்கு ஏற்கனவே பழக்கம். என்னிடம் செருப்பு...

பேனா நின்றது.

என்னிடம் செருப்பு கிடையாது, என்று அந்த வரியை முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

தாளை மடித்துக்கொண்டு சிஸ்டரிடம் போனாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதினேன். ஆனா யாருக்குன்னு தெரியலை, சிஸ்டர். பேரே தெரியாது."

"அப்போ யாரும் கேக்கலையா?"

"அம்மா கேட்டாங்க. யாரு பணம் கட்டுறது, எதுக்கு எம் பொண்ணைக் கூப்பிடுறீங்கன்னு வாசல்லயே நிறுத்திக் கேட்டாங்க. எங்கம்மா யார்கிட்டயும் சும்மா ஒண்ணு வாங்க மாட்டாங்க. அதுக்கு ரோஸ்லின் டீச்சர், ‘பணமெல்லாம் ஒண்ணுமில்லம்மா, பஸ்ஸுல ஒரு சீட்டு காலியா இருக்கு. வீணாப் போகுது. உங்க பொண்ணு வந்தா எங்களுக்கு உதவியா இருக்கும்’னாங்க. அம்மா ரெண்டு நாள் யோசிச்சாங்க. ‘போகட்டும், பாவம் அவங்களுக்கு உதவியா இருக்கும்’னு அனுப்பினாங்க."

சிஸ்டர் இன்னொரு தாளைக் கிழித்தார்.

"பஸ்ஸுல காலி சீட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சே. ஜன்னலோரம். நான்தான்..."



அந்த பஸ் அவள் கண்ணுக்கு வந்தது. இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர். மடியில் ஒரு பிள்ளை. அவள் மட்டும் ஜன்னலோரம், மலை வளைவில் வாந்தி வராமல் இருக்கக் கையில் ஒரு எலுமிச்சம்பழம். டிரைவர் பக்கத்தில் கொதிக்கிற இன்ஜின் மூடி மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு ரோஸ்லின் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேயே. ‘சுடலையா டீச்சர்?’ என்று பிள்ளைகள் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார். ‘இடுப்பு வலிக்குச் சூடு நல்லதாம்டி.’

"அம்பது வருஷம் நம்பிக்கிட்டு இருந்தேன், சிஸ்டர்," என்றாள் அமலோற்பவம். "இந்த நிமிஷம் வரைக்கும்."



அமலோற்பவம் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கையிலிருந்த ஏழு கடிதங்களையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, முதல் கடிதத்தை நெடுக்காகக் கிழித்துத் தொட்டியில் போட்டாள். அடுத்ததைக் கிழித்தாள்.

சிஸ்டர் அவற்றை விரலால் தண்ணீருக்குள் அமுக்கினார்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. டிரஸ்டின் மேனேஜர் தேவாரூபன் ஃபைலோடு இறங்கினார். அமலோற்பவம் நீட்டிய உறையைப் பிரித்துப் பார்த்தார்.

"எட்டு இருக்கணுமே, அம்மா. ஒண்ணுதான் இருக்கு."

"எட்டு பேருக்கும் சேர்த்து நான் எழுதியிருக்கேன், சார்."

"பிள்ளைங்க கையால எழுதணும்னுதானே ஐயா சொல்லியிருக்கார்? லெட்டர் இல்லாத பேரை நான் அடிச்சாகணும். எட்டும் போயிரும், தெரியுமில்ல?"

"தெரியும், சார். படிச்சுப் பாருங்க. பத்தலைன்னா இன்னும் ஏழு எழுதித் தர்றேன். எழுதுறதுக்கு நிறைய இருக்கு எனக்கு."

அவர் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது பக்கத்துக்கு வந்தபோது ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். அமலோற்பவத்தின் உதடு சத்தமில்லாமல் மாதாவின் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது.

படித்து முடித்தபின் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த டீச்சர் இருக்காங்களா?"

"இல்லை, சார். நான் வயசுக்கு வர்றதுக்குள்ளயே போய்ச் சேந்துட்டாங்க."

தேவாரூபன் கடிதத்தை மடித்தார். ஃபைலில் வைக்கவில்லை. சட்டைப்பையில் வைத்தார்.

"ஐயாகிட்ட இதை நானே படிச்சுக் காட்டுறேன். அவர் கேக்கிற வரைக்கும் பட்டியல்ல நான் கை வைக்கலை. எட்டு பேரும் அப்படியே இருக்கட்டும்."

ஜீப் வளைவில் இறங்கி மறைந்தது.

மரத்துக்குப் பின்னாலிருந்து மோனிஷா வந்தாள். கையெல்லாம் தகரத்தின் துரு. கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"ஆன்ட்டி, அவர் என் பேரை அடிச்சுட்டாரா?"

"எவர்?"

"ஜீப்புல வந்தவரு."

"அவரா? அவர் சும்மா கேம்ப்பைப் பாத்துட்டுப் போக வந்தார்."

மோனிஷா நம்பாமல் பார்த்தாள். காலால் மண்ணைக் கிளறினாள். தூரத்தில் ஜோஷ்னா கையை ஆட்டி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அடுத்த வருஷம் வரணும்னா நான் இன்னா பண்ணணும்?"

அமலோற்பவம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஒரு கெட்டிப் போர்வையா எடுத்துக்கிட்டு வா," என்றாள். "இங்க குளிருது."