இழுத்த மூச்சு

மூச்சை இழுத்தும் மார்பு விரியவில்லை என்று போலீஸ் தேர்வில் மாசானமுத்துவைக் கழித்துக்கட்டினார் டி.எஸ்.பி. அவன் கோர்ட்டுக்குப் போனான். வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

"ஏனப்பா விரியவில்லை?" என்றார் நீதிபதி.

"சும்மா நிக்கிற அளவு எடுக்கும்போதே டி.எஸ்.பி. ஐயா 'விறைப்பா நில்லுடா'ன்னு அதட்டுனாருங்க. பயத்துல அப்பவே மூச்சை இழுத்துட்டேன். அப்புறம் இழுக்க இடமில்லீங்க."

"கட்டுக்கதை!" என்றார் டி.எஸ்.பி.

"அப்படின்னா ஐயாவையே அளந்து பாருங்க."

நீதிபதி டி.எஸ்.பி.யை முறைத்தார். "நேரா நில்லுங்க!"

டி.எஸ்.பி. விறைத்தார். கோர்ட் டவாலி அளவு டேப்பை அவர் மார்பில் சுற்றினார்.

"இப்போ மூச்சை இழுங்க."

டேப் அசையவே இல்லை. கோர்ட்டே சிரித்தது. அடுத்த தேர்வில் மாசானமுத்துவை மறுபடி அளக்கத் தீர்ப்பானது.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. போலீஸ் தேர்வுக்கான வயது வரம்பு அவனுக்குப் போன ஆடியோடு முடிந்திருந்தது. வெளியே வந்து, அன்று இழுத்த மூச்சை இன்றுதான் விட்டான்.